ஐந்தாவது வெட்டு

தவிட்டக்கா வீட்டுக்கு வழி கேட்க வேண்டாம், மூக்கைப் பிடித்துக்கொண்டே நடந்தால் வந்துவிடும் என்று தெருக்காரர்கள் சொல்வார்கள். சுத்தப் பொய். நாற்றம் தெரு நடுவே மூடியில்லாமல் ஓடுகிற சாக்கடையினுடையது. பழியைப் பன்றிகள் மேல் போட்டுவிட்டால் சாக்கடையை யாரும் தூர்வார வேண்டியதில்லை, அதற்காகத்தான் இந்தப் பேச்சு. ஒருநாள் அவள் காதுபடவே எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தலையில் தவிட்டு மூட்டையோடு போய்க்கொண்டிருந்தவள் நின்றாள். மூட்டையை இறக்கக்கூட இல்லை.

“எங்க பன்னிங்க ஒரு மூலையிலதான் ஒதுங்கும். மத்த இடத்துல நீங்க பாய் விரிச்சுப் படுக்கலாம். உங்க வீட்டுப் பின்பக்கச் சுவரப் பத்தி நான் ஏதாவது பேசட்டுமா?”

எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய பின்பக்கச் சுவர் எப்படி இருக்கும் என்று தெருவுக்கே தெரியும்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வாரத்துக்கு மூன்று நாள் மாவு மில்லுக்குப் போய்த் தவிடு கொண்டுவருவதில் புருவம், காதோரம், கைமயிர் எல்லாம் தவிட்டுத் தூள் படிந்து, அந்தப் பெயர் எங்கோ உதிர்ந்து போய்விட்டது. ரேஷன் கடையில்கூடத் தவிட்டக்காதான். புருஷனுக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை. விடியும் முன்பே எழுந்து போய் மத்தியானம் திரும்புவார். கருகிய ரொட்டி விளிம்புகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர். காக்கிச் சட்டையோடு தபால்காரர் வந்தால்கூட எழுந்து நின்றுவிடுவார்.

வீட்டுக்குப் பின்னால் பட்டி. பட்டிக்குப் பின்னால் ஒரு முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் காடு. பட்டியில் பெரியது பதினொன்று: ஆண் இரண்டு, பெண் ஒன்பது. உடம்பெல்லாம் கறுப்பு, முதுகில் தென்னந்துடைப்பம் மாதிரி விறைத்த மயிர், கண்ணை மூடுகிற அளவுக்குப் பெரிய காது. நாலு காலும் முட்டி வரைக்கும் வெள்ளை. அதனால் வெள்ளைக்கால் என்று பெயர். வேறெங்கும் இந்தச் சாதிப் பன்றி இல்லை என்று கால்நடைத் துறையே தேடிப் பார்த்துச் சொல்லியிருந்தது. பெரிய பண்ணைகளில் வளர்க்கிற ரோஸ் நிறப் பன்றி ஆறு மாதத்தில் எடை ஏறிவிடும். வெள்ளைக்காலுக்கு ஒன்றரை வருஷம் ஆகும். அதனால்தான் எல்லாரும் விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை. ஏன் என்று கேட்டால், “நீங்க உங்க பிள்ளைங்கள எடை போட்டா வளத்தீங்க?” என்பாள்.

காட்டுப்பக்கம் ஒரு கதவு உண்டு. கெட்டி மரக் கட்டையில் தொங்கும் இரும்புக் கதவு. கட்டையில் கண் மாதிரி ஒரு கணு. அதற்குக் கீழே கத்தியால் வெட்டின நாலு வெட்டு, ஒன்றின் கீழ் ஒன்று. மூன்று வெட்டு அவள் மாமியார் காலத்தது, அதற்கும் முந்தையது. நாலாவது இவள் போட்டது, பதினோரு வருஷத்துக்கு முன்னால்.

விஷயம் இதுதான். ஒரே பட்டிக்குள் அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து சேர்ந்து குட்டி போட்டால், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ரத்தம் தேய்ந்து போகும். குட்டி சின்னதாகப் பிறக்கும். பிறந்தது பால் குடிக்கத் தெரியாமல் தாயின் வயிற்றில் மூக்கை வைத்தபடியே சாகும். அப்படி ஒரு ஈற்றைப் பார்த்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்கள் செய்கிற வேலை ஒன்றுண்டு. பருவத்துக்கு வந்த பன்றியை மட்டும் தனியே பிரித்துக் காட்டுப்பக்கக் கதவைத் திறந்து வைப்பார்கள். காட்டுப்பன்றி வரும், போகும். கதவை மூடிவிட்டுக் கட்டையில் ஒரு வெட்டு. அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையா அடிக்க முடியும்?

போன வருஷம் மூன்று ஈற்றில் பத்தொன்பது குட்டி பிறந்தது. தங்கியது நாலு. பதினைந்தையும் தவிட்டக்காதான் காட்டோரம் குழி தோண்டிப் புதைத்தாள். பதினைந்தாவது குழியை மூடிவிட்டு வந்தவள், கை கழுவாமல் நேரே போய்க் காட்டுப்பக்கக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள். மூன்றாம் நாள் வெளுக்கிற நேரத்துக்கு அவன் வந்தான். ஒல்லி, உடம்பெல்லாம் சேறு, ஒரு கோரைப்பல் பாதியில் முறிந்திருந்தது. மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் கழித்து மூத்த பன்றி எட்டுக் குட்டி போட்டது. எட்டும் நின்றது. எட்டும் முட்டி மோதிப் பால் குடித்தது. எட்டின் முதுகிலும் பழுப்பும் வெளுப்புமாகக் கோடு, காட்டுக்குட்டிக்கு இருக்கிற அதே கோடு. அதில் ஐந்துக்கு வெள்ளைக்கால்.

அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. நடு முற்றத்தில் நின்று தனியாகச் சிரித்தாள்.

சந்தோஷம் ஒரு மாதம் நீடித்தது. அப்புறம் துறையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. காட்டை ஒட்டின வீடுகளில் இனிமேல் பன்றி வளர்க்கக் கூடாது. பதிவேட்டில் ஏறிய அரிய இனம் என்றால் மட்டும் விதிவிலக்கு. பதிவு செய்ய அதிகாரி புதன்கிழமை பத்து மணிக்கு நேரில் வருவார். கலப்பு இருந்தால் அப்புறப்படுத்தப்படும். அப்புறப்படுத்துவது என்றால் எங்கே கொண்டுபோவது என்று புருஷன் கேட்டார். எங்கேயும் கொண்டுபோக மாட்டார்கள், ஊசி போட்டுவிடுவார்கள் என்று அவள் சொன்னாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஐந்தாவது வெட்டை இன்னும் போடவில்லை. குட்டிகள் நாற்பது நாள் தாண்டினால்தான் போடுவது வழக்கம். நாற்பது நாள் தாண்டியும், கத்தியைப் புருஷன் எங்கோ ஒளித்துவைத்திருந்தார். கட்டையைக் கண்டு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவருக்குப் பயம். கொழுந்தனும் வந்தார். கடைத்தெருவில் சலூன் வைத்திருப்பவர். யோசனை சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. குட்டிகளைக் கொஞ்ச நாள் தன் சலூன் பின்கட்டில் வைக்கலாம் என்றார். எட்டுப் பன்றிக்குட்டி கத்துகிற கத்தில் எவன் உட்கார்ந்து முகம் மழிப்பான் என்று தவிட்டக்கா கேட்டாள். கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டே போனார். போனவர் யோசிப்பதை நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் புழுக்கம் தாங்கவில்லை. மழை வருகிற மாதிரி இருந்து வராமல் இழுத்தடிக்கிற வானம். மில்லில் தவிடு தீர்ந்துவிடும் என்பதால் ஏழு மணிக்கே அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பதரைக்குத் திரும்பி வந்தபோது வாசலில் ஒரு ஜீப்பும் ஒரு லாரியும் நின்றன. தெருவே சுவர் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் பட்டிக்கு ஓடினாள்.

அதிகாரி ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் தடித்த ஒரு புத்தகம். லீவு போட்டுவிட்டு நின்ற புருஷன் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கொழுந்தன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி முகத்தோடு நின்றார். பட்டிக்குள் பன்னிரண்டு குட்டிகள் ஓடின. பன்னிரண்டும் அட்டைக்கறுப்பு. ஒன்றின் மேலும் ஒரு கோடு இல்லை.

அதிகாரி புத்தகத்தையும் குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெள்ளைக்கால்னு எழுதியிருக்கு. ஒண்ணுக்குக்கூட வெள்ளைக் கால் இல்லையே?”

அவர் குனிந்து ஒரு குட்டியைத் தூக்கினார். அது வீறிட்டுக்கொண்டு கைநழுவி ஓடியது. அதிகாரியின் உள்ளங்கை கரியாக இருந்தது.

தவிட்டக்கா திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் திருதிருவென்று விழித்தார்.

“தம்பி. என்ன பண்ணீங்க?”

“மாப்பிள்ளைக் கறுப்பு, அண்ணி. போட்டோவுக்கு நிக்கிற நரைச்ச மாப்பிள்ளைங்களுக்கு அடிக்கிறது. ஒரு நாள் நிக்கும், வெந்நீர் ஊத்தினாப் போயிடும். நாலு டப்பா காலி.”

“கோட்ட மறைக்கக் கறுப்பு அடிச்சீங்க. சரி. கால விட்டிருக்கக் கூடாதா? கோடே இல்லாத பழைய நாலு குட்டிக்கும் எதுக்கு அடிச்சீங்க?”

“ஒண்ண விட்டா வித்தியாசம் தெரியுமே அண்ணி. அதோட காலத் தனியா எப்படி விடறது? தலைக்கு அடிச்சா நாங்க கிருதாவ விட்டுடறோமா?”

சுவர் மேலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்துவிட்டது. அரசாங்க அதிகாரியை ஏமாற்றப் பார்த்திருக்கிறீர்கள், இதற்கே நான் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டுப் போகலாம் என்றார். குட்டிகள் கரி மூட்டையில் புரண்டுவிட்டதாகப் புருஷன் ஏதோ ஆரம்பித்தார். தவிட்டக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

“மேடம், அஞ்சு நிமிஷம் குடுங்க. வெந்நீர் வைக்கறேன்.”

இந்தக் காட்சியைத் தெரு இன்னும் மறக்கவில்லை. அவள் அண்டாவில் வெந்நீர் வைத்தாள். துணி துவைக்கிற சோப்பை எடுத்தாள். முதல் குட்டியைக் காலைப் பிடித்துத் தூக்கி அண்டாவில் அமுக்கினாள். அது ஊரைக் கூட்டியது. கறுப்புத் தண்ணீர் வழிந்து ஓட ஓட, உள்ளேயிருந்து பழுப்பும் வெளுப்புமாகக் கோடு கிளம்பியது. துடைத்து அதிகாரியின் காலடியில் விட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. பெரிய பன்றிகள் வேலியை முட்டி உறுமின. பன்னிரண்டாவது குட்டி முடிவதற்குள் அவள் முழங்கை வரை கறுப்பு, முகமெல்லாம் தவிடு. நிமிர்ந்து நின்றாள்.

“இந்த நாலும் எங்க ஆண்பன்னிக்குப் பொறந்தது. இந்த எட்டும் காட்டுப்பன்னிக்குப் பொறந்தது. அது வேலி தாண்டி வரல. கதவத் திறந்துவிட்டது நான்.”

புருஷன் அப்படியே தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி புத்தகத்தை மூடினார். கோபம் போய் முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. ஒரு குட்டியின் முதுகுக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் கல் மேல் உட்கார்ந்து நிதானமாகவே சொன்னார். பெரிய பன்றிகளுக்குத் துறை முன்பே எடுத்த ரத்தத்தில் நோய் எதுவும் இல்லை, அதில் பிரச்சினை இல்லை. பெரியது பதினொன்று, கோடில்லாத குட்டி நாலு, ஆகப் பதினைந்துக்கும் காதில் பித்தளை வில்லை போட்டுப் பதிவு செய்துவிடலாம். காலத்துக்கும் யாரும் கை வைக்க முடியாது. கோடு போட்ட எட்டு, சட்டப்படி வளர்ப்பு மிருகமே இல்லை, காட்டு மிருகம். அதை வீட்டில் வைக்க முடியாது. இந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்து போட்டு எட்டையும் ஒப்படைத்தால், நடந்த ஏமாற்று வேலையை அவர் எழுதப்போவதில்லை.

புருஷன் எழுந்து வந்தார். “போட்டுடேன். பதினஞ்சு தங்குதே. எட்டுக்காகப் பதினஞ்சயும் விடணுமா?”

கொழுந்தனும் ஆமாம் என்றார். சுவர் மேலிருந்த எதிர்வீட்டுக்காரர்கூட, அதுதான் நியாயம் என்றார். தவிட்டக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். குட்டிகளைப் பார்த்தாள். பதினைந்து வில்லை கொஞ்சமா? இந்த வீட்டில் இருபத்திநாலு வருஷம் தவிடு கரைத்ததற்கு அரசாங்கமே ஒத்துக்கொண்டு காதில் மாட்டுகிற வில்லை. கை நீட்டினால் போதும்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“போன வருஷம் பத்தொம்பது பொறந்து பதினஞ்சு செத்துது மேடம். எல்லாம் சுத்தமான குட்டிங்கதான். சுத்தமாப் பொறந்து சுத்தமாச் செத்துது. இந்த எட்ட நீங்க ஏத்திட்டுப் போனா, மிச்சம் இருக்கிறது வில்லையோட பத்து வருஷத்துல செத்துப் போகும். எனக்கு வில்லை வேணாம். குடுத்தா இருபத்திமூணுக்கும் குடுங்க.”

“அது என் கையில இல்லம்மா.”

“அப்ப இந்த எட்டும் உங்க கையில இல்ல.”

அதிகாரி லாரிப் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தார். லாரிக்காரர் பன்றி ஏற்றுகிற பலகையை இறக்கினார். மரப்பலகை தரையில் விழுந்த சத்தத்தில் மூத்த பன்றி உறுமிக்கொண்டு குட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றது. தவிட்டக்கா லாரியின் பக்கம் போகவேயில்லை. எதிர்ப்பக்கம் நடந்தாள். காட்டுப்பக்கக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“அண்ணே, பலகையில கால வச்சீங்கன்னா இதத் திறந்துடுவேன். இருபத்திமூணும் காட்டுக்குள்ள போயிடும். எது சுத்தம், எது கலப்புன்னு அப்புறம் அங்க போய் எண்ணிக்குங்க.”

லாரிக்காரர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். சும்மா மிரட்டுகிறாளா, நிஜமாகவே செய்வாளா என்று அவர் புருஷனைப் பார்த்தார். செய்வாள் என்று புருஷன் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் அவருடைய இருபத்திநாலு வருஷக் குடித்தனமும் இருந்தது.

அதிகாரி பட்டிக்குள் இறங்கி அவளிடம் வந்தார். பூட்ஸ் சேற்றில் புதைந்தது. அவர் குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நானும் இந்த இனம் அழியக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன் என்றார். புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். உலகத்திலிருக்கிற காட்டுப்பன்றிகளெல்லாம் அதில் வரிசையாக இருந்தன. முகத்தில் பாலுண்ணி முளைத்தது ஒன்று. கோரைப்பல் மூக்கைத் துளைத்துக்கொண்டு நெற்றிப் பக்கம் வளைந்தது ஒன்று. முழங்கால் உயரம்கூட இல்லாத குள்ளப் பன்றி ஒன்று. தவிட்டக்கா தன்னையறியாமல் குனிந்து பார்த்தாள்.

“இதுக்கெல்லாம் குட்டி கோட்டோட பொறக்குமா?”

“பாலுண்ணி முளைச்சது, பல்லு வளைஞ்சது, இந்த ரெண்டு தவிர, அனேகமா எல்லாமே.”

“நம்ம பன்னி எதுலேர்ந்து வந்துது?”

“இதுலேர்ந்து.” அதிகாரி விரல் வைத்த படத்தில் இருந்தவன் ஒல்லியாக, சேறும் மயிருமாக, தவிட்டக்காவுக்குத் தெரிந்தவன் மாதிரியே இருந்தான்.

“அப்ப முதல்ல பழக்கினவன் யாருகிட்ட கையெழுத்து வாங்கினான்?”

அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். “இதப் பாருங்க. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க துறையில எடுத்த படம். சுத்தமான வெள்ளைக்கால் இப்படித்தான் இருக்கணும். இதுதான் அளவு. இதுக்கு ஒத்துவராதத நான் பதிவு பண்ண முடியாது.”

பக்கம் முழுக்க ஒரே பன்றி. கறுப்பு, விறைத்த முதுகு மயிர், முட்டி வரை வெள்ளை. படத்தின் ஓரத்தில் வாளி பிடித்த ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிந்தது, அதுவும் முழங்கைக்கு மேல் இல்லை. பன்றிக்குப் பின்னால் ஒரு கதவு, கதவைத் தாங்குகிற கட்டை.

தவிட்டக்கா அந்தக் கையைப் பார்த்தாள். கட்டை விரலில் நகம் பிளந்திருந்தது. அந்தப் பிளந்த நகத்தை அவள் பல வருஷம் வெட்டிவிட்டிருக்கிறாள். அப்புறம் கட்டையைப் பார்த்தாள். கண் மாதிரி ஒரு கணு. கணுவுக்குக் கீழே மூன்று வெட்டு.

“மேடம், நீங்க எது பக்கத்துல நிக்கறீங்கன்னு பாருங்க.”

அதிகாரி நிமிர்ந்தார். கதவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கணுவின் மேல் விரல் வைத்தார். அங்கிருந்து ஒவ்வொரு வெட்டாக விரல் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் நின்றது.

“ஒவ்வொரு வெட்டும் ஒரு தடவ இந்தக் கதவத் திறந்துவிட்டது. உங்க புஸ்தகத்துல இருக்கிறது, மூணு தடவ கதவு திறந்த வீட்டுப் பன்னி. அதோட கொள்ளுப் பாட்டியோ எள்ளுப் பாட்டியோ கோட்டோடதான் பொறந்திருக்கும். அன்னைக்கே யாராவது லாரி கொண்டுவந்திருந்தா நீங்க படம் எடுக்கப் பன்னியே இருந்திருக்காது.”

தவிட்டக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“கத்திய எங்க வச்சிருக்கீங்க?”

அவர் ஒரு கணம் தயங்கினார். அப்புறம், வாழ்க்கையில் முதல் தடவையாக அதிகாரி ஒருவரின் முகத்தைப் பார்க்காமலே, ரொட்டிச் சாக்குக்குள் கைவிட்டுக் கத்தியை எடுத்தார். அவரே நடந்து வந்து அவள் கையில் கொடுத்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவள் வெட்டினாள். கெட்டி மரம், எளிதில் இறங்காது. இரண்டு கையாலும் அழுத்திச் சாய்வாக ஒரு வெட்டு, எதிர்ச்சாய்வாக ஒரு வெட்டு. சில்லு தெறித்து அதிகாரியின் பூட்ஸ் மேல் விழுந்தது. உள்மரம் மஞ்சளாகத் தெரிந்தது. நடந்ததை அவள் ஒத்துக்கொண்டாள் என்றோ, இனியும் நடக்கும் என்று சொன்னாள் என்றோ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கத்தியைத் துடைத்து மடக்கினாள்.

அதிகாரி லாரிக்காரரிடம் பலகையை ஏற்றச் சொன்னார். வெறும் வண்டியாகவா என்று அவர் கேட்டார். வெறும் வண்டியாகத்தான்.

“மேல என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. நான் பாத்தத எழுதறேன். வெட்டையும் எழுதறேன்.”

“எழுதுங்க. ஒத்துக்கலன்னா மேலேர்ந்தே வரச் சொல்லுங்க. நான் இந்தக் கதவுகிட்டதான் இருப்பேன்.”

மழை ஒருவழியாக ஆரம்பித்தது. பெரிய பெரிய சொட்டு. குட்டிகளின் காது மடிப்பில் மிச்சமிருந்த மாப்பிள்ளைக் கறுப்பு வழிந்து கோட்டோடு கலந்து ஓடியது. நாலு டப்பாவும் வீண் என்று கொழுந்தன் முணுமுணுத்தார். அதிகாரி பையிலிருந்து கேமராவை எடுத்துத் துணியால் மூடிக்கொண்டார். கோடு போட்ட குட்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டைப் பக்கம் நிற்க முடியுமா என்று கேட்டார். தவிட்டக்கா இருப்பதிலேயே முரட்டுக் குட்டியாகப் பார்த்துத் தூக்கினாள். அது கத்திக்கொண்டே அவள் கன்னத்தில் சேற்றுக்காலை வைத்து உதைத்தது.

“கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க. வெட்ட மறைக்கறீங்க.”

அவள் தள்ளி நின்றாள். அதிகாரி கேமராவைக் குனிந்து சரிசெய்தார். குட்டியும் வெட்டும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் முன்னால் வந்தார்.

“கிட்ட வராதீங்க மேடம். பின்னால போங்க,” என்றாள் தவிட்டக்கா. முகத்திலிருந்த தவிட்டையும் சேற்றையும் அவள் துடைக்கவில்லை. “எங்க மாமியாரோட கைய மட்டும் கொண்டு போனீங்க. என்னை முகத்தோட எடுங்க.”

அதிகாரி இரண்டடி பின்னால் போனார்.